கையில் மிஞ்சிய ரப்பர்

ஹெட்லைட் ஒயர்களை இணைக்கிற கப்ளர் கிடைத்துவிட்டது, ஒயரிங் மைதீன் பாய் வந்து மாட்டியும் கொடுத்துவிட்டார், இனிமேல் தண்ணீருக்குள் இறங்கினாலும் வண்டியின் லைட் அணையாது, ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. வீட்டைப் பூட்டும்போது இதைத்தான் சொல்லிக்கொண்டேன், பூட்டை இழுத்துப் பார்த்தபோதும் சொல்லிக்கொண்டேன், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தபோதும் இதையேதான் சொல்லிக்கொண்டேன். பயமில்லாதவள் எதற்கு இந்தத் தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு பன்னிப்பாறை ஓடைக்கு வந்து நனைந்த கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலும் வைத்திருக்கிறேன். சும்மா, பார்க்க வந்தேன். மதுரை வரை அலைந்து வாங்கிய சாமான் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஆசை இருக்காதா? இருக்கும். ஆனால் கேட்பதற்கு இங்கே யாருமில்லை. தார் ரோடு எனக்குப் பின்னாலேயே முடிந்துவிடுகிறது. முன்னால் ஓடை. அதற்கு அப்பால் கல்லும் சேறுமாக மலைப்பாதை ஏறி மேகத்துக்குள் போய்விடுகிறது. அந்தப் பாதையில்தான் என் வீட்டுக்காரர் சுருளிவேல் காலையில் காப்பித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போகிற பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். பொழுது சாயும்போது அவர்களை இறக்கிக்கொண்டு வருவார். பாலம் கிடையாது. ஓடைக்குள் அடியில் பரப்பியிருக்கிற கல் வரிசையைப் பார்த்து இறங்கித்தான் ஏற வேண்டும். தண்ணீர் இப்போது நிறம் மாறியிருக்கிறது. மேலே நல்ல மழை போல. இருக்கட்டும், கப்ளர் இருக்கிறது. ஆனால் என் உள்ளங்கையில் இந்த ரப்பரும் இருக்கிறது.

மல்லி விதையைவிடக் கொஞ்சம் பெரியது. மஞ்சள் நிறம். ஒரு பக்கம் உருண்டு, மறுபக்கம் மூன்று வளையமாக மடிந்திருக்கிறது. மத்தியானம் அண்ணாச்சி கடைக்குச் சில்லறை எடுக்கப் பர்ஸைக் கவிழ்த்தபோது, கிழிந்த உள்துணிக்குள்ளிருந்து ஒரு ஊக்கோடு சேர்ந்து தரையில் விழுந்தது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு லேசு. சில்லறையை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் பொறுக்கினேன். ஏனென்றால் இது என்ன என்று எனக்குத் தெரியும். மதுரையில் கப்ளர் விற்ற கடைக்காரர் ஒவ்வொன்றாக விளக்கிச் சொன்னாரே. ஒரு கப்ளருக்கு இரண்டு பாதி, ஆணும் பெண்ணுமாக ஒன்றுக்குள் ஒன்று போய் டக்கென்று பூட்டிக்கொள்ளும். பூட்டிய வாயில் தண்ணீர் போகாமல் ஒரு ரப்பர் வளையம். முதுகுப்பக்கம் ஒயர் நுழைகிற ஒவ்வொரு துளைக்கும் ஒயரைக் கவ்விப் பிடிக்க ஒரு குட்டி ரப்பர். ஒயரே நுழையாத துளை இருந்தால் அதை அடைக்க ஒரு டம்மி. அந்த டம்மிதான் இது. ஹெட்லைட்டுக்கு மூன்று ஒயர், கப்ளரில் நான்கு துளை, ஆகப் பாதிக்கு ஒரு துளை சும்மா இருக்கும். இரண்டு லைட்டுக்கு இரண்டு கப்ளர், நான்கு பாதி, நான்கு டம்மி. நான் ஆறாவதோடு நின்றவள், இருந்தாலும் இந்தக் கணக்கு எனக்குப் புரியும். நான்கில் ஒன்று என் கையில் இருந்தால் வண்டியில் மூன்றுதான் இருக்கும். ஒரு துளை திறந்து கிடக்கும். "ஒத்த ஓட்ட போதும்க்கா, தண்ணி குடும்பத்தோட உள்ள குடியேறிடும்" என்று அந்தக் கடைக்காரர் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நமக்குப் பாய் இருக்கிறார். மைதீன் பாய் அப்படி விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை. இருபது வருஷமாக எங்கள் வண்டிக்கு ஒயரிங் அவர்தான். ஒரு துளை காலியாக இருந்தால் "தங்கச்சி, இன்னொன்னு எங்க?" என்று கேட்டிருப்பார். கேட்கவில்லை. கேட்டு, நான்தான் அடுப்படியில் இருந்து காதில் வாங்கவில்லையோ? நேற்று அவரும் வீட்டுக்காரரும் பானட்டைத் திறந்து குனிந்து நின்றபோது நான் பர்ஸை முறத்தில் கவிழ்த்து ரப்பர்களை முன்னால் வைத்தேன். அப்போது பால் பொங்கியது. ஓடினேன். அடுப்பைக் கழுவிக் காப்பி போட்டு எடுத்துத் திரும்பி வந்தபோது முறம் காலி, பாய் பானட்டைச் சாத்தி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். பால் பொங்காமல் இருந்திருந்தால் எண்ணிப் பார்த்திருப்பேன். நான் எண்ணாத நாள் உண்டா? காஸ் திருகை மூன்று தரம் பார்க்கிறவள். பாயிடம் கேட்கலாமென்றால் இன்றைக்கு அவர் மச்சான் மகள் கல்யாணத்துக்குக் கம்பம் போய்விட்டார், போன் அணைந்து கிடக்கிறது. இவரிடம் கேட்கலாமென்றால் மலைமேல் டவர் கிடையாது. ஆகையால் நானும் ரப்பரும் மட்டும் இங்கே. ஓடைக்கரை வேப்பமரத்தடிக் கருப்பன் சாமியிடம் வரும்போதே சொல்லிவிட்டேன். இன்றைக்கு நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்த்துவிடப்பா. நாலடி நடந்துவிட்டுத் திரும்பி, நாளைக்கும் சேர்த்து என்றேன். இவர் பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பார். பூக்காரியிடம் ஒரு கண்ணி, கீரைக்காரியிடம் ஒரு பிடி என்று நான் கேட்பதைப் பார்த்து, "எமனே வந்து நின்னாலும் கெப்பம்மா ரெண்டு நாளு கொசுறு கேப்பாடா" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிற மனுஷன்.

போன வாரம் நடந்ததையும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். நடு ஓடையில் லைட் போயிருச்சு கெப்பம்மா, ஆரன் போயிருச்சு, இருட்டுல கல்லு வரிச தெரியல, இடது சக்கரம் பள்ளத்துல எறங்கிருச்சு, அம்புட்டுதான். அம்புட்டுதானாம். மிச்சத்தை மறுநாள் குழாயடியில், அந்த வண்டியில் வந்த பேச்சி சொன்னாள். வண்டி சாய்ந்தது, தண்ணீர் சீட்டுக்கு வந்தது, பெண்களெல்லாம் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு இறங்கி இடுப்புத் தண்ணீரில் நடந்தார்கள், அவளுடைய தூக்குவாளியைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. "ஒம் புருசன் தொண்டைதான் மதினி எங்களுக்கு லைட்டு. இங்குட்டு வாங்க, இங்குட்டு வாங்கன்னு கத்திக்கிட்டே நின்னாரு" என்றாள். பிறகு சத்தத்தைக் குறைத்து, "இன்னொருக்கா லைட்டு அணைஞ்சா நாங்க அந்த வண்டில ஏற மாட்டோம். கோவிச்சுக்காத" என்றாள். கோபமா? அவள் இடத்தில் நானிருந்தால் அன்றைக்கே ஏறமாட்டேன் என்றிருப்பேன். அவர்கள் வீட்டிலெல்லாம் பிள்ளைகள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த இடுப்புத் தண்ணீர் கொஞ்சம் கூடியிருந்தால்? அன்று இரவு கண்ணை மூடினால் கைகள் தெரிந்தன. ஒன்றையொன்று பிடித்த கைகள், அதில் ஒரு பிடி நழுவுகிறது, வளையல்தான் கையோடு வருகிறது. எழுந்து உட்கார்ந்தேன். இவர் குறட்டை.

காரணம் டேப்புதான். இவருக்கு எல்லா வியாதிக்கும் கறுப்பு டேப்பு. ஒயரை முறுக்குவார், டேப்பைச் சுற்றுவார், அதன்மேல் சைக்கிள் ட்யூப்பைக் கிழித்துக் கட்டுவார், அதன்மேல் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றுவார். "எங்கப்பா லாரிக்கே இதுதாண்டி வைத்தியம்" என்பார். லாரி ரோட்டில் போனது, இது ஓடைக்குள் போகிறது என்றால் மண்டையில் ஏறாது. மைதீன் பாய்தான் அந்த முடிச்சை அறுத்து என் கையில் கொடுத்தார். மெழுகுக்குள் டேப்பு, டேப்புக்குள் பச்சைப் பூஞ்சையாய்ச் செம்பு. தொட்டால் உதிர்ந்தது. "தண்ணி உள்ள போகுது தங்கச்சி, போனது வெளிய வர வழியில்லாம இவரு மெழுக வேற ஊத்திருக்காரு. வாட்டர்ப்ரூப் கப்ளருன்னு ஒன்னு இருக்கு. அத வாங்கியாங்க, ஒரு மணி நேரத்துல மாத்தித் தாரேன்" என்றார். எங்கே கிடைக்கும் என்றதற்கு, எங்கேயோ பழைய காரில் கழற்றிய உடைந்த கப்ளர் ஒன்றைக் கொடுத்து இதைக் காட்டிக் கேளுங்கள் என்றார். இவர் வரமாட்டேன் என்றார், வண்டி ஓட வேண்டுமே. திருப்பூரிலிருந்து மகள் போனில், ஆன்லைனில் போட்டுவிடுகிறேன், பத்து நாளில் வந்துவிடும் என்றாள். கார்த்திகை மழைக்கிட்டே போய்ப் பத்து நாள் பொறுத்துக்கொள் என்று யார் சொல்வது? நானே கிளம்பினேன்.

தேனியில் ஒரு கடையில் வெள்ளை பிளாஸ்டிக் கப்ளரைக் காட்டி இதுதான் அது என்றார்கள். தூக்கிப் பார்த்தேன், ரப்பரே இல்லை. தண்ணீருக்குள் போகுமா என்றேன். "எதுக்கும்மா தண்ணிக்குள்ள போடுறீங்க?" என்றான் அந்த ஆள். வேறொரு கடையில் என்ன வண்டி, என்ன மாடல் என்றார்கள். ஜீப்பு என்றேன். அது தெரியுது, என்ன வருஷம் என்றார்கள். மகள் பெரிய மனுஷியான வருஷம் வாங்கினோம் என்று வாயில் வந்ததை அடக்கிக்கொண்டேன். மதுரையில் ஒரு தெரு முழுக்க வண்டிச் சாமான் கடைகள். உடைந்த கப்ளரை நீட்டினால் கையில் வாங்காமலே உதட்டைப் பிதுக்கினார்கள். ஆம்பள ஆளு யாரும் வரலையா என்று ஒருவர் கேட்டார். ஆம்பள ஆளு டேப்பு சுத்திக்கிட்டு இருக்கார் என்றேன், அது மட்டும் வாயில் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கட்டைவண்டிக்காரர் அப்படிச் சிரித்தார். கடைசியில் டீக்கடையில் கால் வலிக்க உட்கார்ந்தபோது, மாஸ்டர் என் கையிலிருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, "இது கதிரறுக்கிற மெசின்ல இருக்கும்மா. சேத்துக்குள்ளயே கெடக்குற வண்டில்ல அது? எங்க ஊர்ல பாத்துருக்கேன். அந்த மெசினுக்குச் சாமான் விக்கிற கடையில கேளுங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து யாரும் அதை உற்றுக்கூடப் பார்க்கவில்லை, இவர் டீ ஆற்றிக்கொண்டே பார்த்துவிட்டாரே.

தேடிப் போன அந்த மெசின் சாமான் கடைக்காரர் ஒரு வேலை செய்தார். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு லேசாகிறது. ஒரு பேட்டரியை எடுத்து வைத்தார், ஒரு குண்டு பல்பை எடுத்தார், நடுவில் கப்ளரை மாட்டினார், பல்பு எரிந்தது. பிறகு தான் குடிக்க வைத்திருந்த சொம்புத் தண்ணீருக்குள் கப்ளரைத் தொப்பென்று போட்டுவிட்டார். நான் கையை நீட்டிவிட்டேன். பல்பு எரிந்துகொண்டே இருந்தது. "பாத்துக்கிட்டே இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு வேறு ஆளுக்கு பெல்ட் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொம்புக்குள் அது நனைந்து கிடக்கிறது, மேலே வெளிச்சம் அசையாமல் நிற்கிறது. அவர் திரும்பி வந்து நான்கு டம்மி வேண்டும் என்று கணக்குச் சொன்னது நினைவிருக்கிறது. காகிதத்தில் மடித்துக் கொடுத்தது நினைவிருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் ஏதோ சொன்னேன், அவர் சிரித்தார். என்ன சொன்னேன்? இந்த இடத்தில்தான் மத்தியானத்திலிருந்து நினைவு சிக்குகிறது, கிணற்று வாளி எப்போதும் அதே கல்லில் மாட்டுவது போல. அப்போது என் கண் பல்பின்மேல் இருந்தது, வாய் தன்பாட்டுக்கு எதையோ சொல்லிவிட்டது. எண்ணினேனா? காகிதத்தைப் பிரித்துப் பர்ஸில் கொட்டியபோதாவது எண்ணினேனா? மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தலைக்கு ஊற்றுமுன் காதில் எண்ணெய்ப் பஞ்சு வைப்பேன். இரண்டு காதிலும் வைத்தாயிற்றா என்று ஊற்றுகிற சொம்பை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். அவளுக்கு மூச்சுமுட்டும், அலறுவாள். இவ்வளவு பயந்தவளுக்கு, எண்ண வேண்டிய நேரத்தில் எண்ணத் தோன்றவில்லை.

சத்தம். ஜீப்தான், இரண்டாவது கியரின் இருமல், எனக்குத் தெரியாதா? மேகத்துக்குள்ளிருந்து முதலில் மஞ்சளாக ஒரு கறை, பிறகு அது இரண்டாகப் பிரிந்தது. இரண்டு. இரண்டும் எரிகின்றன. எரியத்தான் செய்யும், இன்னும் தண்ணீருக்கு வரவில்லையே. வளைவில் போய் மறைந்தது, மறுபடி வந்தது, மறைந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன், குடை எங்கே போனது என்று தெரியவில்லை. அக்கரையில் வந்து நின்றார். இறங்கினார். சாக்கை எடுத்து முன்பக்கம் கட்டுகிறார், உள்ளே சுற்றுகிற விசிறி தண்ணீரை வாரி இன்ஜின்மேல் அடிக்காமல் இருக்க எப்போதும் அப்படித்தான். அவர் குனியும்போது வெளிச்சத்துக்குள் அவர் நிழல் ஓடைமேல் பெரிதாக விழுந்து என் கால்வரை வந்தது. கத்தலாமா? நில்லுங்க, ஒரு துளை திறந்திருக்கு என்று? ஓடையின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்காது. கேட்டாலும் நிற்பாரா? மழை நேரத்தில் நிற்க நிற்கத் தண்ணீர் ஏறும். பெண்கள் தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு நெருக்கிக்கொண்டிருப்பது தெரிகிறது, முகம் தெரியவில்லை. நான் ரப்பரை இறுக்கிப் பிடித்தேன். இங்கிருந்தே அந்தத் துளையை அடைத்துவிடலாம் போல அப்படி இறுக்கினேன். ஏறிவிட்டார். இறங்குகிறது.

முன்சக்கரம் தண்ணீரைத் தொட்டது, பம்பர் தொட்டது, மூக்கைக் குத்திக்கொண்டு வண்டி அப்படியே சரிந்தது. லைட் இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. போய்விட்டன என்றுதான் நினைத்தேன். ஆனால் தண்ணீர் எரிந்தது. கலங்கிய ஓடைத் தண்ணீர் உள்ளேயிருந்து கருப்பட்டிக் காப்பி நிறத்தில் வெளிச்சமாகி, இலையும் குச்சியும் அதற்குள் ஓடுவது தெரிந்தது. அடியில் கல் வரிசை தெரிந்தது. சொம்புக்குள் கிடந்த கப்ளர், மேலே பல்பு. பார்த்துக்கிட்டே இருங்கக்கா. பார்த்துக்கொண்டே இருந்தேன். இடதுபக்கம் அணைந்தது. இடதுபக்கம், அதே இடதுபக்கம், நான்தான், பால் பொங்கியபோது நான் ஓடியதுதான், பர்ஸின் உள்துணி கிழிந்ததை ஐப்பசியிலேயே தைத்திருக்க வேண்டும். வலதுபக்கம் மட்டும் எரிந்துகொண்டு வண்டி நடு ஓடையில் மெல்ல அசைகிறது. பிறகு இடதுபக்கத்திலிருந்து ஒரு பெரிய மரக்கிளை, இலையோடும் சேற்றோடும், வண்டி மூக்கில் சற்று நேரம் சாய்ந்திருந்துவிட்டுப் புரண்டு தண்ணீரோடு போனது. அதன் பின்னால் லைட் எரிந்துகொண்டே இருந்தது. அணையவே இல்லை. இரண்டு. வண்டி மூக்கைத் தூக்கியது, தண்ணீர் வழிந்தது, இரண்டு வெளிச்சமும் நேராக என் முகத்தில் அடித்தன. கண் கூசியது. மூடவில்லை. யாரோ ஒருத்தி வண்டிக்குள் குலவை போட்டாள், உடனே எல்லோரும் சேர்ந்து போட்டார்கள்.

"யாருடி அது நடு ரோட்டுல பேய் மாதிரி?" என்றது பேச்சியின் குரல். "ஏ, நம்ம கெப்பம்மா மதினி! நனஞ்ச கோழி மாதிரில்ல நிக்குது!" இவர் தலையை வெளியே நீட்டி, "இங்க என்னா செய்யிற? வீட்டப் பூட்டுனியா?" என்றார். கையை நீட்டி விரித்தேன். லைட் வெளிச்சத்தில் மஞ்சளாக இருந்தது அது. "ஒன்னு மிஞ்சிப்போச்சு. ஒரு ஓட்ட தெறந்துருக்கு" என்றேன். அவர் ரப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்த ஓட்ட? பாய் நாலையும் மாட்டி, ஒவ்வொன்னையும் என்னைய நகத்தால குத்திப் பாக்கச் சொல்லிட்டுல்ல போனாரு." "அப்ப இது?" "எங்கிட்டக் கேட்டா? கடையில கொசுறு கேட்டிருப்ப."

அந்தக் கிணற்று வாளி கல்லிலிருந்து விடுபட்டது. ஆமாம். பல்பைப் பார்த்துக்கொண்டே, அவர் நான்கு என்று எண்ணி வைத்ததும், கீரைக்காரியிடம் சொல்கிற அதே வாயால் சொன்னேன்: இம்புட்டுக்காணும் சாமான்தானண்ணே, ஒன்னு சேத்துப் போடுங்க. அவர் சிரித்தார். "மெசினுக்குச் சாமான் வாங்க வந்து கொசுறு கேட்ட மொத ஆளு நீங்கதான்க்கா. இதென்ன கறிவேப்பிலையா?" என்று சொல்லிக்கொண்டே டப்பாவுக்குள் கையை விட்டு ஐந்தாவதைப் போட்டார். மத்தியானத்திலிருந்து நான் சுமந்துகொண்டிருந்தது கொசுறு. அதற்காகக் கருப்பனிடம் வேறு பேரம் பேசியிருக்கிறேன். சிரிப்பு வந்தது, நிற்கவில்லை, சிரிப்போடு மூக்கும் ஒழுகியது. பேச்சி சத்தமாக எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள், விளக்க விளக்கக் கதை பெரிதானது. "எந் தூக்குவாளிக்கு ஒரு மூடி கொசுறு கேட்டுருக்கலாம்ல மதினி?" என்றாள். வாளியே இல்லாமல் மூடி எதற்கடி என்று இன்னொருத்தி கேட்டாள். இன்ஜினை அணைக்காமல் இவர் ஹாரனை ஒரு முறை அடித்துப் பார்த்தார், எனக்குக் காட்டுவதற்காக. அதுவும் அடித்தது. சைக்கிள் ட்யூப்பை இனிமேல் என்ன செய்வார் பாவம்.

மழை வலுத்தது. வண்டிக்குள் ஊசி குத்த இடமில்லை, மடிமேல் மடியாக உட்கார்ந்திருந்தார்கள், காப்பிப் பழத்தின் புளித்த வாசமும் ஈரத் துணி வாசமும் ஒன்றாக வந்தது. நீங்க போங்க, நான் நடந்து வாரேன், குடையைத் தேடணும் என்றேன். கல்லுக்குப் பின்னால் தலைகீழாகக் கிடந்த குடை பாதி நிரம்பியிருந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டு மடக்கினேன். ரப்பரை முந்தானை நுனியில் வைத்து முடிந்தேன், முடிச்சை இழுத்துப் பார்த்தேன், இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தேன். அதற்குள் வண்டியின் பின்பக்கத்திலிருந்து பேச்சியின் கை நீண்டுவிட்டது. பழக்கறையும் வளையலுமாக, நல்ல கெட்டியான கை.

"கணக்குக்கு நாங்க இருக்கோம். நீ கொசுறா ஏறிக்க மதினி."

ஏறிக்கொண்டேன்.